கவர்னரைக் கழட்ட வந்த மாப்பிள்ளை

வாங்க மாப்ள, வாங்க. செருப்பை அங்கயே விட்டுட்டு மேல வாங்க. அந்தச் சேர்ல உக்காராதீங்க, ஒரு கால் ஆட்டம். ஆசாரியைக் கூப்புடுன்னு உங்க அத்தை போன தசராவுல இருந்து சொல்லிட்டுத்தான் இருக்கா. இப்படித் திண்ணையில உக்காருங்க. என்ன முழிக்கறீங்க, ‘ங்க’ போட்டுப் பேசறேன்னா? நேத்து வரைக்கும் டிரைவர், வாடா போடான்னேன். இன்னைக்கு மஞ்சப் போர்டு லாரிக்கு முதலாளி. ஆர்.சி. புக்குல பேரு ஏறின மனுசனை வாடான்னு கூப்புட்டா கடன் குடுத்த பேங்குக்காரன் கோவிச்சுக்குவான்.

நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்கு நேத்தே தெரியும். பண்டிபாளையா மார்க்கெட் யார்டுல ஒருத்தன் தும்முனா பொழுதோட என் திண்ணைக்கு வந்துரும். ‘உங்க மருமவன் 2009 மாடல் ஆறு வீலு எடுத்திருக்காரு, எப்.சி. முடிஞ்ச கையோட ஸ்பீடு கவர்னரைக் கழட்ட ஆள் தேடறாரு’ன்னு சொன்னாங்க. சரியான ஆள்கிட்டத்தான் வந்திருக்கீங்க. கழட்டறதுல நான் கெட்டிக்காரன். என் காலத்துல எதை எதையோ கழட்டியிருக்கேன். மொதல்ல காப்பி குடிங்க. வண்டி இழுக்க மாட்டேங்குதுங்கறீங்களா? அதுக்கும் வர்றேன். அவசரப்படாதீங்க. இந்த ஊர் லாரி முதுகுல எழுதியிருப்பானே, ‘நிதானவே ப்ரதான’ன்னு, பாத்ததில்ல? அட, அதைத் தாண்டிப் போற அவசரத்துல எங்க படிச்சிருக்கப் போறீங்க.

கவர்னருன்னா யாருன்னு நெனச்சீங்க? நான் சங்ககிரிப் பள்ளிக்கூடத்துல படிக்கையில மெட்ராசுக்குக் கவர்னர் யாரு தெரியுமா, இந்த மைசூரு மகாராஜாதான். ஜெயசாமராஜேந்திர உடையார். மொதல்ல இந்த மைசூரு மாநிலத்துக்கே கவர்னரா இருந்தாரு. 1964-ல மெட்ராசுக்கு வந்து 1966 வரைக்கும் இருந்தாரு. ‘கவர்னருன்னா சட்டத்துல கையெழுத்துப் போடறவரு’ன்னு எங்க வாத்தியார் சொல்லிக் குடுத்தாரு. இப்ப பேப்பரைப் பாத்தா, கையெழுத்துப் போடாம வச்சுக்கறவருதான் கவர்னருன்னு தெரியுது. உங்க வண்டியில இருக்கறவரும் அந்த வகைதான். நீங்க ஆக்சிலேட்டர்ல மிதி மேல மிதி மனுப் போடலாம். 80-ஐத் தாண்டற மனு எதுவோ, அதை மட்டும் எஞ்சினுக்கு அனுப்பாம வச்சுக்குவாரு.

ஆனா ஒண்ணு. இந்தக் கவர்னரு என்னமோ 2015-ல கவருமெண்டு கண்டுபுடிச்சதுன்னு நெனச்சுக்காதீங்க. நான் ஓட்டுன லாரியிலயும் இருந்தாரு. அப்ப பெங்களூரு ஆடுகோடியில செஞ்ச மைக்கோ பம்புதான் லாரிக்காரனுக்குக் குலதெய்வம். பம்புக்குப் பின்னாடி குண்டா ஒரு பெட்டி இருக்குமே, அதுக்குள்ள ரெண்டு எடைக்கல்லு சுத்தும். எஞ்சின் வெறி புடிச்சு ஓடுனா கல்லு ரெண்டும் விரியும், விரிஞ்சா டீசல் ரேக்கைப் பின்னால தள்ளும், டீசல் கொறையும். இதுக்கு மூத்த பாட்டன் வெள்ளைக்காரன் நீராவி எஞ்சினுக்கு வச்சது. ஜேம்ஸ் வாட்டு 1788-ல ரெண்டு குண்டைச் சுத்தவிட்டு நீராவி வால்வை அடைச்சாரு. காத்தாலை மாவு மில்லுல அதுக்கு முன்னாடியே உண்டாம். எஞ்சின் பொறந்த காலத்துல இருந்தே அதும் பக்கத்துல ஒரு மாமனார் உக்காந்துட்டுத்தான் இருக்காரு மாப்ள. நீங்கதான் இன்னைக்குப் பாத்தீங்க.

வித்தியாசம் என்னன்னா, பம்புக் கவர்னரு எஞ்சின் சுத்தறதைப் பாக்கறாரு. இந்தப் புதுப் பெட்டி சக்கரம் ஓடறதைப் பாக்குது. கியர் பாக்ஸ்ல இருந்து ஒரு ஒயரு, அதுல வேகக் கணக்கு வரும். பழைய வண்டின்னா டீசல் லைன்ல ஒரு வால்வு. 80 ஆனதும் டீசலைக் குறுக்கும். புது வண்டின்னா மிதிக்கே ஒயருதான், பெட்டி நடுவுல உக்காந்து மிதி சொன்னதை மாத்திச் சொல்லும். புரோக்கர் மாதிரி.

இப்பச் சட்டத்துக்கு வருவோம். முதலாளி ஆயிட்டீங்க, தெரிஞ்சுக்கோணும். மத்திய மோட்டார் வண்டி விதி, 1989. அதுல 118-ம் விதி. 2015 ஏப்ரல்ல அதை முறுக்குனாங்க. அந்த வருசம் அக்டோபர் 1-ல இருந்து செய்யற சரக்கு வண்டி, பஸ்ஸு எல்லாம் கம்பெனியிலயே 80-ல பூட்டித்தான் வெளிய வரோணும். டேங்கரு, டிப்பரு, பள்ளிக்கூட பஸ்ஸுக்கு 60. ஆம்புலன்சு, தீயணைப்பு, போலீசு வண்டிக்கு விலக்கு. அதுக்கு முன்னாடி பொறந்த உங்க வண்டி மாதிரிக் கிழடு கட்டைக்கெல்லாம் அந்தந்த மாநிலம் தேதி வச்சு மாட்டச் சொல்லோணும்னாங்க. அங்கதான் கூத்து ஆரம்பம். புது வண்டிக்குப் பூட்டுப் போடறது சுலபம், அது பொறக்கும்போதே இடுப்புல கட்டற அரைஞாண். முப்பது வயசுக்காரனைப் புடிச்சு அரைஞாண் கட்டுன்னா கட்டுவானா? 2016-ல கர்நாடகா லாரிக்காரங்க வண்டியை நிறுத்திட்டு உக்காந்துட்டாங்க. நானும் போய் நின்னேன். எதுக்குங்கறீங்க? வண்டியெல்லாம் வித்துட்டுப் பேரனைத் தூக்கிட்டு இருந்த நேரம்தான். இருந்தாலும் கும்பல் கூடுன எடத்துல சும்மா இருக்க முடியாது பாருங்க.

அங்க ஒருத்தர் சொன்னது இன்னும் காதுல இருக்கு. ‘ஏனுங்க, என் வண்டி லோடோட 55 போனா நான் தேங்காய் உடைக்கறேன். அதுக்கு 80-க்குப் பூட்டாம். நொண்டி மாட்டுக்கு மூக்கணாங்கயிறு எதுக்குங்க?’ நல்ல கேள்விதானே? ஆனா பாருங்க, நாலு வாரம் கழிச்சு அதே ஆளு சும்மா வண்டியை ஓட்டிட்டு மண்டியா பக்கம் பறந்ததை நான் கண்ணால பாத்தேன். லோடு எறக்குன லாரிக்கு வாலு முளைச்சுரும். நொண்டி மாடு புல்லைக் கண்டா ஓடத்தான் செய்யும்.

கழட்டறதுக்கு வழி கேட்டீங்களே, சொல்றேன், கேட்டுக்கோங்க. மொத வழி, கழட்டவே வேண்டாம், மாட்டாமலே இருந்துக்கறது. கல்யாண வீட்டுக்குப் போக ஒறம்பரை வீட்டுல ரெட்டை வடச் சங்கிலி இரவல் வாங்கிப் போட்டுட்டுப் போவாங்க பாருங்க, அது மாதிரி எப்.சி. அன்னைக்குப் பெட்டியை இரவல் வாங்கி மாட்டிக்கறது. போட்டோ எடுத்ததும் திருப்பிக் குடுத்தர்றது. எட்டு வருசம் தாண்டுன வண்டிக்கு வருசா வருசம் எப்.சி., வருசா வருசம் ஒரு கல்யாணம், ஒரு இரவல் நகை. இதுல யாருக்கும் நட்டமில்ல. பெட்டிக்காரனுக்கு வாடகை, புரோக்கருக்குக் கமிசன், உங்களுக்குப் பேப்பரு. ரோடுதான் ஏமாந்தது. அது பேசாது.

ரெண்டாவது வழி, காசு குடுத்து அசலாவே மாட்டறது, சீல் வைக்கறது, சர்ட்டிபிகேட்டு வாங்கறது, கேட்டைத் தாண்டுனதும் ஒயரைப் புடுங்கறது. இதுல ஒரு சின்னச் சங்கடம். அந்த ஒயரு போற வழியிலதான் உங்க கிலோமீட்டர் முள்ளுக்கும் கணக்குப் போகும். தெரியாத ஆளு புடுங்குனா கவர்னரோட சேந்து ஸ்பீடா மீட்டரும் செத்துரும். அப்பறம் எவ்வளவு வேகத்துல போறோம்னு உங்களுக்கும் தெரியாது, அதுக்கும் தெரியாது. சாமியாருங்க சொல்ற பரமானந்தம் அதுதான்.

மூணாவது வழி டீசல் லைனை ஒரு ரப்பர் குழாய்ல சுத்திவிடறது. செய்யறவன் கைச்சுத்தமா இருந்தாப் பரவால்ல. இல்லீன்னா காத்துப் புடிச்சுக்கும். பொழுது சாஞ்ச நேரத்துல குண்டுலுபேட்டைக்கும் பந்திப்பூருக்கும் நடுவுல வண்டி விக்கி விக்கி நிக்கும். ஒன்பது மணிக்குக் காட்டு கேட்டைச் சாத்திட்டா காலை ஆறு மணிக்குத்தான் திறப்பான். 2009-ல இருந்து அப்படித்தான். நீங்க கேபின்ல, யானை வெளிய. பாத்துப் பேசிக்கோங்க.

காடுன்னதும் ஞாபகம் வருது. பந்திப்பூர் ரோட்டுல மேடு மேடாப் போட்டு வச்சிருக்கான் பாத்தீங்களா? கணக்கில்லாம ஸ்பீடு பிரேக்கரு. அதைத்தான் நான் அசல் கவர்னருங்கறேன். சீல் இல்ல, சர்ட்டிபிகேட் இல்ல, கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்க முடியாது. மஞ்சப் போர்டு, வெள்ளைப் போர்டுன்னு பாகுபாடும் கெடையாது. மெர்சிடிஸ் கார்க்காரனுக்கும் மண்டை இடிக்கும், உங்களுக்கும் இடிக்கும். மானுக்கு ஓட்டுரிமை இல்ல, இருந்தாலும் அதுக்கு ஒழுங்காச் செஞ்சு குடுத்திருக்காங்க.

இப்ப நம்ம புது ரோட்டைப் பாருங்க. மைசூரு - பெங்களூரு, 118 கிலோமீட்டர், 2023 மார்ச்சு 12-ம் தேதி பிரதமரு மண்டியாவுக்கு வந்து திறந்துவச்சாரு. திறந்த கொஞ்ச நாள்லயே ரத்தம். அப்பறம் ரேடார் துப்பாக்கி, கேமரா, கார்னா 100-க்கு மேல போகாதேன்னு பலகை. அந்த ஆகஸ்ட்ல பைக்கு, ஆட்டோ, டிராக்டரு மெயின் ரோட்டுல ஏறக்கூடாதுன்னாங்க. மெதுவாப் போறவனை எறக்கிவிட்டாச்சு. அடுத்த ஆகஸ்ட்ல, 130-ஐத் தாண்டுனா எப்.ஐ.ஆர்.னாங்க. இதுல என் மரமண்டைக்குப் புரியாதது ஒண்ணே ஒண்ணு மாப்ள. உங்க லாரிக்கு 80-ல பூட்டு. மஞ்சப் போர்டு டாக்சிக்கும் 80-ல பூட்டு. அதே டாக்சி கார், அதே கம்பெனி, அதே எஞ்சின், வெள்ளைப் போர்டு மாட்டுனா பூட்டு இல்ல. ஓட்டறவன் நேத்துத்தான் லைசென்சு வாங்கியிருப்பான். முப்பது வருசம் ஓட்டுனவனுக்குக் கயிறு, மூணு நாள் ஓட்டுனவனுக்கு மரியாதை. சாவு வந்தா நம்பர் பிளேட்டுக் கலரைப் பாத்துட்டா வருது?

நியாயம் கேட்டீங்கன்னா உங்க பக்கம்தான் நியாயம். அதுக்காகக் கழட்டச் சொல்றேன்னு நெனச்சுட்டீங்களா? பொறுங்க, காப்பி ஆறுது.

மானசகங்கோத்ரியில படிக்கறாளே என் பேத்தி, அவ ஒரு நாள் ஒரு கதை படிச்சுச் சொன்னா. அமெரிக்காவுல சின்சினாட்டின்னு ஒரு ஊராம். 1923-ல ஊர்ச் சனம் நாற்பதாயிரத்துக்கும் மேல கையெழுத்துப் போட்டுச்சாம். எதுக்கு? ஊருக்குள்ள ஓடற எல்லாக் காருக்கும் கவர்னரு மாட்டோணும், மணிக்கு 25 மைலுக்கு மேல ஓடுனா எஞ்சின் நிக்கோணும்னு. நம்ம கணக்குல 40 கிலோமீட்டரு. பெத்த புள்ளைங்க ரோட்டுல அடிபட்டுச் சாகறதைப் பாத்த சனம். அவ்வளவுதான், கார் விக்கறவங்க, கார் செய்யறவங்க எல்லாரும் அலறி அடிச்சு ஒண்ணு சேந்தாங்க. வேகம் போச்சுன்னா காரை எவன் வாங்குவான்? காசை எறைச்சு, பிரச்சாரம் பண்ணி, ஓட்டுல தோக்கடிச்சுட்டாங்க. நூறு வருசம் கழிச்சு 2024-ல ஐரோப்பாவுல புதுக் கார் எல்லாத்துக்கும் வேகம் மீறுனா எச்சரிக்கற கருவி கட்டாயமாம். அதுவும் எச்சரிக்கும், அவ்வளவுதான். கையைக் கட்டிப் போடாது. அங்கயும் கிழட்டு வண்டியைத் தொடல. அந்த ஊர் லாரிக்கு மட்டும் 1990-கள்லயே 90-ல பூட்டுப் போட்டுட்டாங்க. எந்த ஊரா இருந்தாலும் லாரிக்காரன்தான் இளிச்சவாயன், பாருங்க. மொதல்ல அவன் வாயைத்தான் கட்டுவாங்க.

சரி, வேகத்துல என்ன லாபம்னு ஒரு கணக்குப் பாக்கலாமா? நீங்க பி.காம். நான் அஞ்சாங் கிளாசு. தப்பிருந்தாத் திருத்துங்க. 118 கிலோமீட்டரை 80-ல போனா 88 நிமிசம், சில்லறை. 100-ல போனா 71. ஆக மொத்தம் 18 நிமிசம் மிச்சம். அந்தப் பதினெட்டு நிமிசத்தை வச்சு என்ன பண்ணுவீங்க? யார்டு கேட்ல எடைச் சீட்டுக்கு ரெண்டு மணி நேரம் நிப்பீங்க. நின்னுட்டு போன்ல ரீல்ஸ் பாப்பீங்க. நான் ஓட்டுன காலத்துல அதே பதினெட்டு நிமிசத்துல மத்தூர்ல நிறுத்தி ரெண்டு வடை தின்னேன். வெங்காயமும் ரவையும் போட்டுத் தட்டையாச் சுட்டு, ஓரம் கருகி, சூடா... இப்பப் புது ரோடு பிடதி, ராமநகரா, சன்னபட்டணா, மத்தூரு, மண்டியா, எல்லா ஊரையும் தாண்டிக் குதிச்சுப் போகுது. பழைய ரோட்டு ஓட்டல்காரங்க ஈ ஓட்டறாங்க. வேகத்துக்கு மொதப் பலி மனுசன் இல்ல மாப்ள, மத்தூர் வடை.

இன்னொரு கணக்கு. 80-ல போகும்போது கண்ணு மூடித் திறக்கற ஒரு வினாடிக்கு வண்டி 22 மீட்டர் போயிருது. வேகத்தை 80-ல இருந்து 100 ஆக்குனா, காலால கூட்டுனது கால் பங்குதான். நிறுத்தறதுக்கு பிரேக்கு குடிக்க வேண்டிய வேகாளம் ஒன்றரைப் பங்குக்கு மேல ஆயிரும். இதை நான் சொல்லல, பேத்தி கணக்குப் போட்டுச் சொன்னது. பதினாறு டன்னு லாரியும் அந்தக் கணக்குத்தான், சைக்கிளும் அந்தக் கணக்குத்தான். லைனரு பாவம், அதுக்கு எந்தக் கணக்கும் தெரியாது. சூடாகும், நாறும், அப்பறம் வழுக்கும்.

தசரா பாத்திருக்கீங்கல்ல? அங்க யானைக்கு நடக்கறதையாச்சும் பாத்திருக்கீங்களா? காட்டுல இருந்து வந்ததும் கூட்டிட்டுப் போய், லாரி நிறுக்கற எடைமேடையில நிறுத்தி எடை போடறான். நம்ம வண்டி நிக்கற அதே மாதிரி இரும்பு மேடை. அப்பறம் முதுகுல மணல் மூட்டை. இன்னைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம் அதிகமா, ஏத்தி ஏத்தி அரண்மனையில இருந்து பன்னிமண்டபம் வரைக்கும் நடக்கவிடறான். அஞ்சு கிலோமீட்டர்தான். 750 கிலோ அம்பாரியைத் தூக்கற நாள் வரைக்கும் ஒத்திகை. பீரங்கிச் சத்தத்துக்குப் பயப்படுதான்னு பாக்கறான். இரண்டு பக்கமும் ரெண்டு பெண் யானையை அணைச்சு நடத்தறான். அம்பாரி தூக்குன யானைங்க அர்ஜுனனுக்கும் அபிமன்யுவுக்கும் இத்தனை எப்.சி. லோடும் வண்டியுமாப் பதினாறு டன்னோட திம்பத்துல எறங்கப் போற உங்க வண்டிக்கு? ஒரு போட்டோ. இரவல் பெட்டியோட.

திம்பம். சொல்லிட்டேன் பாருங்க, வாயி சும்மா இருக்காது.

உங்க மொத லோடு ஈரோட்டுக்காமே. சாமராஜநகரு, ஆசனூரு, திம்பம், பண்ணாரி. 27 கொண்டை ஊசி. எறக்கத்துல அந்தக் கவர்னரு என்ன செய்வாருன்னு நெனக்கறீங்க? ஒண்ணும் செய்ய மாட்டாரு. டீசலைத்தான் அவரால குறுக்க முடியும். மலையைக் குறுக்க முடியுமா? எறக்கத்துல வண்டியை ஓட்டறது எஞ்சின் இல்ல, லோடு. நீங்க மிதியை விட்டுட்டீங்க, டீசலே போகல, ஆனாலும் முள்ளு 60, 70, 80-ன்னு ஏறுது. கவர்னரு உள்ள உக்காந்து ‘நான் அனுமதி குடுக்கலையே’ன்னு சொல்லிட்டு இருப்பாரு. வண்டி கேக்காது.

1981 ஐப்பசி. மண்டியா வெல்லம் லோடு, ஈரோட்டுக்கு. அப்ப திம்பத்துல ராத்திரித் தடையெல்லாம் கெடையாது. நான் இருபத்தொன்பது வயசுப் பெரிய டிரைவர். என் வண்டியில மைக்கோ பம்பு, அதுல கவர்னரு, எல்லாம் சுத்தமா வேலை செஞ்சுட்டு இருந்துச்சு. மலை உச்சியில கியரைப் புடுங்கி நியூட்ரல் அடிச்சேன். எதுக்கா? டீசலு மிச்சமாகும்னு நெனப்பு. மிச்சம் புடிச்சதை வித்தா கைச்செலவுக்கு ஆச்சு. எல்லாரும் அப்படித்தான் எறங்குவோம். மூணு வளைவு பிரேக்குலயே ஒடிச்சேன். நாலாவதுல லைனரு வாசம் வந்துச்சு. அஞ்சாவதுல மிதிக்கறேன், மிதி போகுது, வண்டி நிக்கல. கியரைப் போடப் பாக்கறேன், விழ மாட்டேங்குது, கரகரன்னு கத்துது. அந்த நேரத்துல எஞ்சின் என்ன பண்ணுச்சு தெரியுமாடா? கவர்னரு இருக்காரே. அமைதியா, சுவர்க் கடிகாரம் மாதிரி, டிக் டிக் டிக்குன்னு ஓடிட்டு இருந்துச்சு. அது அளவுக்கு எல்லாம் ஒழுங்கு. கிளீனர்ப் பையன் கத்திட்டே குதிச்சுட்டான். நான் மலைப் பக்கமா அணைச்சு மண்மேட்டுல ஏத்தி ஒரு பாறையில கொண்டு போய் வச்சேன். அக்கட்ட அணைச்சிருந்தா நீ இன்னைக்கு வேற எவன் திண்ணையிலயாவது காப்பி குடிச்சுட்டு இருந்திருப்ப.

அந்தப் பையனுக்குக் காலு ரெண்டு எடத்துல ஒடிஞ்சுது. இப்ப பவானிப் பக்கம் டீக்கடை வச்சிருக்கான். சாய்ஞ்சு சாய்ஞ்சுதான் நடப்பான். பொங்கலுக்குப் பொங்கல் எனக்கு ரெண்டு கிலோ வெல்லம் பஸ்ஸுல குடுத்துவிடறான். அது பாசமா, குத்தலான்னு நாப்பது வருசமா எனக்குத் தெரியல. நானும் கேட்டதில்ல.

காப்பி போதுமா? இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லட்டுங்களா?

ஆங், இழுவை. வண்டி இழுக்கலைன்னு சொன்னீங்கல்ல. எந்த வேகத்துல இழுக்கல? நாற்பதுலயே அடங்குதா? நஞ்சன்கூடு ரோட்டு மேட்டுல மூணாவது கியருக்கு வந்துருதா? அட கெரகத்த. 80-ல கட்டற கயிறு 40-ல எப்படிங்க இறுக்கும்? பி.காம். படிச்ச புள்ளை. எப்.சி.க்கு முன்னாடி நல்லா இழுத்துச்சா? அப்பவும் இழுக்கலையா? அப்ப அந்தக் கவர்னரு மேல எதுக்குங்க பழி? டீசல் பில்ட்டரு மாத்தி எத்தனை நாளாச்சு? வித்தவன் மாத்திட்டுத்தான் குடுத்தேன்னானா? வித்தவன் என்னென்ன சொன்னான்னு ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கோங்க, பொழுது போகாதப்பப் படிச்சுச் சிரிக்கலாம். பெட்டி மாட்டுன எடத்துல வால்வு நடுவுல சிக்கி டீசலை நிரந்தரமா நெருக்கிட்டு நிக்கறதும் உண்டு, அதையும் பாக்கோணும். மாட்டுனவனைக் கூப்புட்டு முன்னாடி நிறுத்திப் பாக்கச் சொல்லுங்க. காசு வாங்குனான்ல? ‘சொல்ப அட்ஜஸ்ட் மாடி’ன்னு சொல்லுவான். அட்ஜஸ்ட் பண்றதுக்குத்தான்டா உன்னைக் கூப்புட்டதுன்னு சொல்லுங்க.

பெட்டியைக் கழட்டறதா வேண்டாமான்னு நான் சொல்ல மாட்டேன். வண்டி உங்களுது, லோன் பேங்குது, தலை எங்க அக்கா பெத்த... அது கிடக்குது. ஆனா ஒரு சந்தேகம். நாற்பதுக்கு மேல போகாத வண்டியில இருந்து எண்பது கவர்னரைக் கழட்ட ஆள் தேடறவரை, யார்டுல என்ன பட்டப் பேரு வச்சுக் கூப்புடறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாமயே இருக்கட்டும். வெசனப்படுவீங்க.

நாளைக்கு வெடியக் காலையில அஞ்சு மணிக்கு வண்டியை இங்க கொண்டுட்டு வாங்க. வர்ற வழியில பில்ட்டரு ரெண்டு வாங்கிக்கோங்க, அசலா, இரவல் இல்ல. பின் சக்கரத்து டிரம்மைக் கழட்டி லைனரைப் பாக்கோணும், கை பிரேக்கைப் பாக்கோணும், எக்சாஸ்ட் பிரேக்கு இருக்குதா இல்ல பட்டன் மட்டும்தான் இருக்குதான்னு பாக்கோணும். கழட்டோணும்னு வந்தீங்கல்ல, கை தேயற வரைக்கும் கழட்டலாம். அப்பறம் சும்மா வண்டியோட மண்டியா வரைக்கும் ஒரு ஓட்டம் ஓட்டிப் பாக்கலாம். பழைய ரோட்டுலதான். டோலு மிச்சம். ஆங், மண்டியா தாண்டி மத்தூரு வரைக்குமே போயிரலாம், இன்னும் கொஞ்ச தூரம்தானே. கிளீனர் சீட்டு எனக்கு. கூலி ரெண்டு வடை. நாலு வாங்கிக் குடுத்தாலும் வேண்டாங்க மாட்டேன்.

உங்க அத்தைகிட்ட மட்டும் ஆசாரியைக் கூப்புடப் போறோம்னு சொல்லிக்கலாம். சேரு கால் ஆட்டம்னு அவளும் ரொம்ப நாளாச் சொல்லிட்டுத்தான் இருக்கா.